இரண்டு சித்தூர்: ஒரு கிணற்றுநீர்க் கட்டுரை இதழில் ஏறிய கதை

மார்ச் கடைசியில் என்னிடம் இருந்தது 31 பக்க வேர்டு கோப்பு ஒன்று, எக்செல் அட்டவணை இரண்டு, வாட்ஸ்அப்பில் வந்த வரைபடம் ஒன்று. அதைத்தான் கட்டுரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆய்விதழ் ஒன்றில் ஏற்கப்பட்டு, மெய்ப்புப் பிரதியாகக் கைக்கு வர அடுத்த ஜனவரி ஆகிவிட்டது. இடையில் எங்கெங்கே பழுது இருந்தது, எதை எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதிவைக்கிறேன். பள்ளிக்கூட வேலையைப் பார்த்துக்கொண்டே ஆய்வு செய்கிறவர்களுக்கு எங்கள் பக்கம் இதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் பக்கம் என்றால் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, வேலந்தாவளம். பாலக்காட்டுக் கணவாய்க்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகா. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழையும் காயலும் இங்கே இல்லை. பனைமரமும் கருமண்ணும்தான். கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே இந்தத் தாலுகாவில்தான். நான் இங்கே தமிழ்வழி மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு வருஷம், மழைக்கு முன்னும் பின்னும், 42 கிணறுகளில் தண்ணீர் எடுத்து ஃபுளோரைடு பார்த்தோம். பாலக்காட்டில் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இருக்கும் நண்பர் மின்முனைக் கருவியில் அளந்து கொடுத்தார். என் பழைய மாணவர் ஒருவர் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடம் போட்டார். ஆக, கட்டுரையாசிரியர்கள் மூன்று பேர்.

ஃபுளோரைடு குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் முதலில் பல்லில் கறை, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் கேடு. இந்தக் கறையை வகுப்பில் நேருக்கு நேர் பார்த்துத்தான் இந்த வேலையையே தொடங்கினேன்.

சரி, முதல் பழுது. அனுப்புவதற்கு முன்னால் நண்பர் ஒரு வேலை சொன்னார். கட்டுரையை அச்செடுத்து, அதில் வரும் ஒவ்வொரு எண்ணையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட வேண்டும். பிறகு அந்த எண் வேறு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் போய் ஒத்துப்பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்தோம். சுருக்கத்தில் 42 கிணறு, அட்டவணையில் 41. வரைபடத்தில் புள்ளிகளை எண்ணினால் 43. ஒரு கிணறு இடையில் வற்றிப்போய் இரண்டாம் சுற்றில் மாதிரி எடுக்கவில்லை, அதனால் 41. இன்னொன்றின் புள்ளி வரைபடத்தில் இரண்டு முறை விழுந்திருந்தது, அதனால் 43. காரணம் எங்களுக்குத் தெரியும். படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையில் இருப்பது காகிதம் மட்டும்தான். "முதல் சுற்றில் 42, இரண்டாம் சுற்றில் 41, வற்றிய கிணறு இது" என்று ஒரு வரி எழுதியதும் அது தீர்ந்தது.

இரண்டாவது பழுது பெரியது. தண்ணீரில் கரைந்திருக்கும் நேர்மின் அயனிகளின் மொத்த மின்னூட்டமும் எதிர்மின் அயனிகளின் மொத்த மின்னூட்டமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். நிலத்தடி நீர்க் கட்டுரை எதுவானாலும், அதைச் சோதிக்க இதழ் அமர்த்தும் மதிப்பீட்டாளர் முதலில் போட்டுப்பார்க்கும் கணக்கு இது. எங்கள் கிணறுகளில் பாதிக்கு மேல் 7, 8 என்று வந்தது. எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக, எதிர்மின் பக்கம் குறைந்தது. அளவீட்டில் கைப்பிழை என்றால் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும். ஒரே பக்கம் சாய்ந்தால் எங்கோ கணக்கில் தவறு.

மூன்று ராத்திரி தேடினோம். கடைசியில் அகப்பட்டது எக்செல் அட்டவணையின் பைகார்பனேட் நெடுவரிசை. ஆய்வகத் தாளில் இருந்தது மொத்தக் காரத்தன்மை, அதுவும் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட அளவு. நான் அதை அப்படியே பைகார்பனேட் என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டேன். ஒரு கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காரத்தன்மை 300 என்றால் அதை 50 ஆல் வகுக்க வேண்டும், 6 மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டத்தை ஒப்பிடும் அலகு). பைகார்பனேட் என்று நினைத்து 61 ஆல் வகுத்தால் 4.92 தான் வரும். குளோரைடு 2.4, சல்ஃபேட் 0.5 சேர்த்தால் எதிர்மின் மொத்தம் 7.82. நேர்மின் பக்கம் 9.1. பிழை 7.6 சதவீதம். சரியாகப் போட்டால் எதிர்மின் மொத்தம் 8.9, பிழை 1.1 சதவீதம். அந்த நெடுவரிசை முழுவதையும் 1.22 ஆல் (61-ஐ 50 ஆல் வகுத்தால் வருவது) பெருக்கியதும் ஒன்றிரண்டு கிணறு தவிர எல்லாம் வரம்புக்குள் வந்தன.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் கட்டுரையின் வாதமே பைகார்பனேட்டின் மேல்தான் நிற்கிறது. பாறையில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாகப் படிய வைத்துவிடும். பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த தண்ணீரில் அந்தப் பிடிமானம் கிடையாது. அந்த நெடுவரிசையையே தவறாக வைத்துக்கொண்டு 31 பக்கம் எழுதியிருந்தேன்.

எண்கள் நேரானதும் கிணற்றுக்காரர்களுக்கு அவரவர் அளவைத் தமிழில் அரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டோம். கட்டுரை வரும்வரை சொல்லக்கூடாதோ என்று எனக்குத் தயக்கம் இருந்தது. "அவங்க குடிக்கிற தண்ணி அது. கட்டுரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் நண்பர். அவர் சொன்னதுதான் சரி.

அப்புறம் இதழ் தேடும் வேலை. முன்பு நம்பத்தகுந்த இதழ்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் யூஜிசி-கேர் பட்டியல் என்று ஒன்று இருந்தது, 2019 முதல். 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். இனி இதழின் தரத்தை நாமே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் என் மின்னஞ்சலுக்கு "மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் மட்டும் கட்டுங்கள்" என்று கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படிக்கவே மூன்று நாள் போதாது. அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

அதில் ஒரு இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை, அதாவது இதழ்களுக்கு உலக அளவில் தரும் அடையாள எண்ணை, பிள்ளைகளோடு சேர்ந்து கரும்பலகையில் சோதித்தோம். எட்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் சோதனைக்காக வைத்தது. பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் கரண்ட் சயின்ஸ் இதழின் எண் 0011-3891. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 65. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 10. 11-இல் 10 போக 1. கடைசி இலக்கமும் 1. மின்னஞ்சலில் வந்த இதழின் எண் இந்தக் கணக்கில் தேறவில்லை. தேறினாலும் அது நல்ல இதழ் என்று ஆகிவிடாது. நல்ல இதழின் எண்ணையும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டு போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு. அதனால் ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் சொந்தக் கல்லூரிப் பக்கங்களில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தோம். அதில் வந்த பழைய கட்டுரைகள் நாலைந்தை முழுசாகப் படித்தோம். நாங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்தெந்த இதழ்களில் வந்தவை என்று எண்ணிப் பார்த்ததுதான் கடைசியில் கைகொடுத்தது. நம் பொருளைப் படிக்கிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சமர்ப்பிக்கும் தளத்தில் உட்கார்ந்ததும் முதல் படிவத்திலேயே நின்றுவிட்டோம். பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம், இரண்டாவது கட்டாயம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எனக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. மலையாளி நண்பருக்குப் பின்னால் இரண்டு எழுத்து, அதில் ஒன்று வீட்டுப்பெயர். மாணவருக்கு ஊரெழுத்தும் உண்டு. இதில் அவசரப்படக்கூடாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் போடுவதுதான் காலத்துக்கும் மேற்கோளில் நம் பெயராக நிற்கும். அப்பா பெயரை அங்கே போட்டால் உலகம் நம்மை அப்பா பெயரால்தான் கூப்பிடும். எனக்கு வழி காட்டியது வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சுப்பிரமணியன் அவருடைய அப்பா பெயர், சந்திரசேகர் அவருடைய சொந்தப் பெயர். சொந்தப் பெயர் கடைசியில் நின்றதால்தான் அறிவியலில் அது சந்திரசேகர் எல்லை என்று வழங்குகிறது. நானும் என் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், அப்பா பெயரை விரித்து முதல் கட்டத்திலும் போட்டேன். மூன்று பேரும் ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண்) எடுத்து, அதில் நம் பெயரை வேறு எப்படியெல்லாம் எழுதுவார்களோ அத்தனையும் சேர்த்துவைத்தோம். ஆர்கிட் இலவசம், 16 இலக்கம், பத்து நிமிஷ வேலை.

தண்ணீர் எடுத்துவந்த பிள்ளைகளையும் கட்டுரையாசிரியர்களாகச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை இப்போது பல துறை இதழ்களும் பின்பற்றுகின்றன. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். மாதிரி சேகரித்தது மட்டும் என்றால் நன்றியுரையில் இடம். பிள்ளைகளிடம் இதை வகுப்பில் சொல்லிவிட்டு, நன்றியுரையில் ஒருவர் விடாமல் எல்லார் பெயரையும், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, எழுதினேன்.

நாங்கள் தேர்ந்த இதழில் மதிப்பீட்டாளருக்கு ஆசிரியர் யார் என்று தெரியக்கூடாது. பெயர், நன்றியுரை எல்லாவற்றையும் தனித் தலைப்புப் பக்கத்துக்கு மாற்றினோம். அப்படியும் மூன்று இடத்தில் பெயர் ஒளிந்திருந்தது. வேர்டு கோப்பின் பண்புகளில் என் பெயர், திருத்தக் குறிப்புகளில் நண்பர் பெயர், வரைபடத்தின் மூலையில் மாணவரின் பெயர். அந்த வரைபடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் வழியாக வந்ததால் சுருங்கி, பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் கலங்கியது. அச்சில் எட்டரை சென்டிமீட்டர் அகலம் வரும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் அகலவாக்கில் 1000 புள்ளிக்குக் குறையாமல் வேண்டும். கோடும் எழுத்தும் நிறைந்த வரைபடத்துக்கு அதுவும் போதாது. கியூஜிஐஎஸ்ஸிலிருந்து நேராக பிடிஎஃப்பாக எடுத்ததும் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்கவில்லை.

முதல் இதழ் ஒன்பதே நாளில் திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டுக்கே போகவில்லை. எங்கள் வாசகர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது தெளிவாக இல்லை என்று இரண்டு வரி. வருத்தமாகத்தான் இருந்தது. அப்போது ராமானுஜனை நினைத்துக்கொண்டேன். ஈரோட்டில் பிறந்தவர், எங்கள் கொங்குப் பக்கம். இந்தியக் கணிதக் கழக இதழில் 1911-இல் வந்த அவருடைய பெர்னூலி எண்கள் பற்றிய கட்டுரையே, விளக்கம் போதவில்லை என்று இதழாசிரியருக்கும் அவருக்கும் இடையே பலமுறை போய் வந்ததுதான். அவருக்குத் தானாகத் தெரிந்த படிகளை வாசகருக்கும் எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. முன்னுரையை எடுத்துவைத்துப் படித்தேன். ஃபுளோரைடு பற்றிப் பொதுவாக ஒன்றரைப் பக்கம். எங்கள் கிணறுகள் நாலாவது பக்கத்தில்தான் வந்தன. ஒன்றரைப் பக்கத்தை நாலு வரியாக்கி, கருமண்ணும் பாறை மண்ணும் அடுத்தடுத்து இருக்கும் ஒரு தாலுகாவில் ஃபுளோரைடு எப்படி மாறுகிறது என்பதை முதல் பத்தியிலேயே வைத்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டாவது இதழுக்கு அனுப்பினோம். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவது கூடாது, அது நெறிப்பிழை.

நாலு மாதம் கழித்து மூன்று மதிப்பீடுகள் வந்தன. முதலாமவர் மொழியைச் சீராக்கச் சொன்னார், மூன்றாமவர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக வரைபட நிறத்தை மாற்றச் சொன்னார். இரண்டாமவர்தான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். ராயலசீமையின் மழையளவை ஏன் குறிப்பிடவில்லை, ஆந்திராவில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளோடு ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்டிருந்தார்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. கட்டுரைத் தலைப்பைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. தலைப்பில் சித்தூர் என்று மட்டும் இருந்தது. ஆந்திராவில் இருப்பதும் சித்தூர், தமிழ்நாட்டு எல்லையில் இருப்பதும்தான், அங்கேயும் ஃபுளோரைடு உண்டு, அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. பாலக்காடு என்ற சொல் மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு தடவை வந்தது. அவர் கவனமாகப் படித்துத்தான் கேட்டிருக்கிறார். நாங்கள் எழுதிய எழுத்திலிருந்து அப்படித்தான் புரிந்துகொள்ள முடியும். எங்களுக்குச் சித்தூர் என்றால் பஸ் ஏறிப் போகிற சித்தூர். அவருக்கு அது வரைபடத்தில் ஒரு பெயர்.

தலைப்பிலேயே தாலுகா, மாவட்டம், மாநிலம் மூன்றையும் எழுதினோம். வரைபடத்தின் மூலையில் தென்னிந்தியப் படம் ஒன்றைச் சின்னதாக வைத்து எங்கள் இடத்தைக் காட்டினோம். ஆய்வுப் பகுதி பற்றிய பத்தியை முழுக்க மாற்றி எழுதினேன். இங்கே கிணறு வற்றுவதும் ஊறுவதும் மழையை மட்டும் பொறுத்ததல்ல. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. அந்தத் தண்ணீர் சித்தூர்ப்புழை வழியாக மூலத்தறைக்கு வந்து வாய்க்கால்களில் பிரிகிறது. வாய்க்கால் ஓரக் கிணற்றுக்கும் மேட்டுக்காட்டுக் கிணற்றுக்கும் தண்ணீரே வேறு. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் கட்டுரையில் எழுதாமலே விட்டிருந்தேன். இப்போது வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு கிணறும் எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் என்று அட்டவணையில் இரண்டு நெடுவரிசை புதிதாகச் சேர்த்தோம்.

பதில் கடிதம் எழுதியது இப்படி. அவர்களுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே எங்கள் பதில், அதன் கீழே மாற்றிய வரி, வரி எண்ணோடு. மொத்தம் 27 குறிப்பு. இரண்டாமவருக்கு எழுதிய பதிலை "தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று தொடங்கியிருந்தேன். நண்பர் அதை அடித்துவிட்டு, "எங்கள் தலைப்பு தெளிவாக இல்லாததைச் சுட்டியதற்கு நன்றி" என்று எழுதினார். அதுதான் உண்மையும் கூட. ஒப்புக்கொள்ளாத குறிப்பு ஒன்றே ஒன்று. கிணற்றுக்காரர்களின் பெயர்ப் பட்டியலை இணைக்கச் சொன்னதற்கு மட்டும், அவர்கள் தனிப்பட்டவர்கள், எண் போதும் என்று காரணம் சொல்லி மறுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள்.

ஜனவரியில் மெய்ப்பு வந்தது. 48 மணி நேரத்தில் பார்த்துத் தர வேண்டும். ஊர்ப்பெயர்களில் ழகரம் வரும் இடங்களில் இரண்டு ஊருக்கு எழுத்து மாறியிருந்தது, அதைக் குறித்துவைத்தேன். மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் 17-ஆம் எண் கிணற்றுக்காரர் தோட்டத்து வாசலில் நின்றிருந்தார்.

"என்னங்க மாஷு, நம்ம கெணறு பொஸ்தகத்துல வருதுன்னாங்க?"

"வருதுங்க பெரியப்பா. பேர் வராது, நம்பர்தான் வரும்."

"பேரு எதுக்குங்க. எங்க இருக்குதுன்னு காட்டுங்க பாக்கலாம்."

மோட்டார் ரூம் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். விரலால் வாய்க்காலைத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். பனைவரிசை, அவருடைய தென்னந்தோப்பு, தார்ரோடு எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். 17 என்று போட்ட புள்ளியில் விரல் நின்றது.

"இது சரியில்லீங்களே. கெணறு வாய்க்காலுக்குக் கெழக்கால இருக்குது. நீங்க மேக்கால போட்டிருக்கறீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். வாய்க்கால் எனக்கு இடது கைப்பக்கம், மேற்கே. கிணறு கண்ணெதிரே. பையிலிருந்த களக்குறிப்பேட்டைப் புரட்டினேன். தீர்க்கரேகை 76.8421 என்று பென்சிலால் எழுதியிருந்தது. அட்டவணையில் 76.8412. கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறி, கிணறு கிட்டத்தட்ட 100 மீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது. வாய்க்கால் இரண்டுக்கும் நடுவில் போவதால் தூரம் ஏறக்குறைய அப்படியே இருந்தது, பக்கம்தான் மாறியது. நாங்கள் மூன்று பேரும், மதிப்பீட்டாளர் மூன்று பேரும் பார்த்துத் தாண்டிய எண் அது.

மாணவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். மதியத்துக்குள் புதிய வரைபடம் வந்துவிட்டது, இந்தத் தடவை மின்னஞ்சலில். மீதி 41 கிணறுகளின் எண்களையும் களக்குறிப்பேட்டோடு திரும்ப ஒத்துப்பார்த்தோம், வேறு தவறில்லை. ராத்திரி ஒன்பதரைக்குத் திருத்தப் பட்டியலை அனுப்பினேன். ஏழாவது வரி: கிணறு 17, தீர்க்கரேகை 76.8421, வாய்க்காலுக்குக் கிழக்கு.